750 மடங்கு

பெட்டியின் மேல் சனிக்கிரகத்தின் படம் இருக்கும். வளையங்களில் பொன்னும் பழுப்பும் கோடு கோடாக இழைந்திருக்கும். அது விண்கலம் எடுத்த படம் என்று பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் ‘750 மடங்கு’ என்று போட்டிருக்கும். மகளின் பிறந்தநாளுக்காக அப்பா தேர்ந்தெடுத்தது இந்த எண்ணைப் பார்த்துத்தான். பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியில் 200 என்றுதான் போட்டிருந்தது. 200-ஐ விட 750 பெரிது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இந்த 750 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். தொலைநோக்கியின் உருப்பெருக்கம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஆடியின் குவியத்தொலைவைக் கண்வில்லையின் (ஐபீஸின்) குவியத்தொலைவால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். நம் பெட்டியில் இருப்பது 127 மி.மீ. அகல ஆடி; குவியத்தொலைவு 1,000 மி.மீ. கூடவே வரும் ஐபீஸ்களில் சிறியது 4 மி.மீ. ஆயிரத்தை நான்கால் வகுத்தால் 250. அத்துடன் மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றும் உண்டு. 250-ஐ மூன்றால் பெருக்கினால் 750. கணக்கில் பிழையே இல்லை. நான்குக்குப் பதில் இரண்டு மி.மீ. ஐபீஸ் வைத்திருந்தால் 1,500 என்றே அச்சிட்டிருக்கலாம். அப்போதும் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

ஒளிக்கு மட்டும் இந்தக் கணக்கு தெரியாது. ஒளி ஓர் அலை. வட்டமான திறப்பு ஒன்றின் வழியே நுழையும் நட்சத்திர ஒளி, எவ்வளவு நல்ல ஆடியாக இருந்தாலும், ஒரு புள்ளியில் போய்க் குவியாது. விளிம்பு விளைவால் அது ஒரு சிறு வட்டத் தட்டாகவும் அதைச் சுற்றி மெல்லிய வளையங்களாகவும் பரவும். 1835-இல் ஜார்ஜ் ஏரி இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். திறப்பு அகலமானால் தட்டு சிறிதாகும், குறுகினால் பெரிதாகும். அந்தத் தட்டைவிடச் சிறிய விவரம் எதுவும் பிம்பத்தில் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றைப் பெரிதாக்குவது, மங்கலான புகைப்படத்தைச் செல்போன் திரையில் இரு விரல்களால் விரித்துக்கொண்டே போவது போலத்தான். அதனால்தான் வானம் பார்க்கிறவர்கள் ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள்: திறப்பின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு, அதற்கு மேல் போகக் கூடாது. 127 மி.மீ. ஆடிக்கு அது 254. மீதி ஐந்நூறு மடங்கும் வெறும் அச்சு மை.

அந்த 254-கூட ஆடி பழுதில்லாமலும் காற்று அசையாமலும் இருந்தால்தான். சாதாரண இரவில் காற்றின் கலக்கம் நட்சத்திரத்தை இரண்டு வில்நொடி அளவுக்கு உலுக்குகிறது. 750 மடங்கில் இந்த இரண்டு வில்நொடி விரிந்து, வெறும் கண்ணுக்குத் தெரியும் முழுநிலவில் ஐந்தில் நான்கு பங்கு அகலமாகிவிடும். பூமியும் சும்மா இருப்பதில்லை. வானம் ஒரு நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. 750 மடங்கில் அந்த மலிவு ஐபீஸ் காட்டும் வானத்துண்டு நிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான். சனியைத் தேடிப் பிடித்து நடுவில் கொண்டுவந்து, “அம்மா, வந்து பாரு” என்று கூப்பிட்டால், அம்மா கண்ணை வைப்பதற்குள் அது போய்விடும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 13 விநாடி.

பிறகு நடப்பது பல வீடுகளில் ஒன்றுபோலவே நடக்கிறது. பத்து நாள் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவார்கள். நிலவு தெரிந்தது, கொஞ்சம் மசமசவென்று. வியாழன் ஒரு வெள்ளைப் பொட்டு, தொட்டால் துள்ளியது. சனி கிடைக்கவே இல்லை. ‘நமக்குப் பார்க்கத் தெரியவில்லை’ என்ற முடிவுக்கு வந்து குழாயைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். இந்த முடிவுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பார்க்கத் தெரியாதது அவர்கள் குற்றம் இல்லை. அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அனுபவசாலியும் திணறுவார்.

இப்படிப்பட்டவர்கள் கேட்கும்போது நான் சொல்லும் யோசனை முதலில் விசித்திரமாகப் படும். இதைவிடச் சிறியதாக ஒன்று வாங்குங்கள். 127-க்குப் பதில் 100 மி.மீ.; 1,000-க்குப் பதில் 400 மி.மீ. குவியத்தொலைவு; மூன்று கால் ஸ்டாண்டுக்குப் பதில் மேசைமேல் உட்காரும் பலகை அடித்தளம். ஒளி சேர்ப்பதில் பழைய ஆடிதான் பெரியது. அறுபது சதவீதம் கூடுதல் ஒளி. அதை விட்டுவிட்டுச் சிறியதற்குப் போனால் எப்படி அதிகம் தெரியும்?

இது புதுக் கேள்வி இல்லை. தொலைநோக்கி பிறந்த தலைமுறையிலேயே எழுந்துவிட்டது. கலிலேயோவின் தொலைநோக்கிகள் இரண்டு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ஒன்றின் முன்வில்லை 51 மி.மீ. அகலம். ஆனால் அதன் திறப்பு 26 மி.மீ.தான், மீதியை ஒரு வளையத்தால் மூடியிருக்கிறது. அக்காலத்தில் தேய்த்த கண்ணாடியில் நடுப்பகுதி ஓரளவு ஒழுங்காக இருக்கும், ஓரம் கோணலாக இருக்கும். ஓரத்து ஒளியை உள்ளே விட்டால் அது நடுவின் நல்ல பிம்பத்தையும் கெடுத்துவிடும். ஆகவே கலிலேயோ ஓரத்தை மூடினார். முக்கால் பங்கு ஒளியை வேண்டாம் என்று தள்ளி, பிம்பத்தைக் கூர்மையாக்கிக்கொண்டார். பரணில் கிடக்கும் குழாயின் மூடியைப் பார்த்தால் அதன் நடுவிலோ ஓரத்திலோ தனியாகக் கழலும் ஒரு குட்டி மூடி பெரும்பாலும் இருக்கும். பெரிய மூடியைக் கழற்றாமல் குட்டி மூடியை மட்டும் எடுத்துவிட்டு நிலவைப் பாருங்கள். வெளிச்சம் குறையும், பள்ளங்களின் விளிம்புகள் தெளியும். நிலவிடம் வெளிச்சம் வேண்டிய மட்டும் இருக்கிறது, கொஞ்சம் போனால் நஷ்டமில்லை.

அளவுக்கும் திறமைக்கும் உள்ள உறவை இன்னும் கடுமையாகக் கற்றுக்கொண்டவர் வில்லியம் ஹெர்ஷல். 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்தபோது அவர் கையில் இருந்தது ஆறங்குலத்துக்குச் சற்றே கூடுதலான ஆடி, ஏழடிக் குழாய். புகழ் வந்தது, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 4,000 பவுண்டு கொடுத்தார். இங்கிலாந்தின் ஸ்லவ் ஊரில் நாற்பதடி நீளத்தில், 1.2 மீட்டர் உலோக ஆடியுடன் உலகிலேயே பெரிய தொலைநோக்கி 1789-இல் எழுந்தது. தொடக்கம் அமர்க்களம்தான். அந்த ஆண்டே அதன் வழியாகச் சனியின் துணைக்கோள் என்செலடஸ் அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு ஏமாற்றம் தொடங்கியது. சாரத்தோடு சேர்த்துக் குழாயைத் திருப்ப ஆட்கள் வேண்டும். ஆயத்தம் செய்து முடிப்பதற்குள் நல்ல இரவு பாதி போய்விடும். ஆடியின் உலோகம் இங்கிலாந்தின் ஈரத்தில் மங்கும். அதை இறக்கி மெருகேற்றுவது தனிப் பாடு. அவ்வளவு பெரிய ஆடிக்கு ஏற்ற அமைதியான காற்று அபூர்வமாகத்தான் கிடைத்தது. ஹெர்ஷல் சத்தமில்லாமல் தன் இருபதடித் தொலைநோக்கிக்குத் திரும்பிவிட்டார். அதன் ஆடி 47 செ.மீ.தான். அவரும் தங்கை கரோலினும் சேர்ந்து பட்டியலிட்ட ஏறத்தாழ 2,500 ஒண்முகில்களும் விண்மீன் கூட்டங்களும் அந்த இருபதடியில் பார்த்தவைதான். விருந்தினர்களுக்குக் காட்டுவதற்கு நாற்பதடி, வேலைக்கு இருபதடி. கடைசியில் நாற்பதடியைக் கழற்றிக் கீழே படுக்க வைத்தார்கள். 1839-ஆம் ஆண்டின் கடைசி இரவில் மகன் ஜான் ஹெர்ஷலின் குடும்பம் அந்தக் குழாய்க்குள் உட்கார்ந்து அதற்கு ஓர் இரங்கல் பாட்டுப் பாடியது. அதை ஜானே எழுதியிருந்தார். பரணில் ஏறும் நம் குழாய்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை.

இனி நம் 127-க்கு வருவோம். குவியத்தொலைவு 1,000 மி.மீ. என்கிறார்கள், குழாயை அளந்தால் அரை மீட்டர்தான் வருகிறது. ஒரு மீட்டர் ஒளிப்பாதை அரை மீட்டர் குழாய்க்குள் எப்படி அடங்கும்? ஆடியின் உண்மையான குவியத்தொலைவு 500 மி.மீ. அளவுதான். ஐபீஸ் செருகும் குழலுக்குள் ஒரு வில்லையை ஒளித்து வைத்து அதை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். இந்த அமைப்புக்கு ஜோன்ஸ்–பேர்டு என்று பெயர். அந்த வில்லைக்கு நீட்டுவது மட்டும் வேலை இல்லை. ஆடியின் பிழையைத் திருத்துவதும் அதன் பொறுப்பு.

அது என்ன பிழை? இணையாக வரும் கதிர்களை ஒரே இடத்தில் குவிக்கப் பரவளைய வடிவக் குழியாடி வேண்டும். கோள வடிவத்தில் தேய்ப்பது எளிது, மலிவு. ஆனால் கோள ஆடியின் ஓரக் கதிர்கள் சற்று முன்னதாகவும் நடுக்கதிர்கள் சற்றுப் பின்னதாகவும் குவியும். நீண்ட குவியத்தொலைவுள்ள ஆடியில் இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. 114 மி.மீ. ஆடி 900 மி.மீ. குவியத்தொலைவோடு இருந்தால் கோளமாக இருந்தும் நன்றாகவே காட்டும். குவியத்தொலைவு குட்டையானால் கதை மாறும். 127 மி.மீ. ஆடி 500 மி.மீ.யில் குவியும்போது, ஓரத்தில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ இரண்டு மைக்ரான். தலைமுடியின் கனத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அவ்வளவுதானே என்று தோன்றும். பச்சை ஒளியின் அலைநீளம் அரை மைக்ரானுக்குச் சற்று அதிகம். பிம்பம் கெடாமலிருக்க அலைமுகம் அதில் கால் பங்குக்கு மேல் பிசகக் கூடாது. இரண்டு மைக்ரான் அங்கே மலை.

உள்ளே ஒளிந்திருக்கும் வில்லை இதைச் சரிசெய்ய வேண்டும். கோட்பாட்டில் செய்யும். அதற்கு அந்த வில்லை அந்த ஆடிக்கென்றே கணக்கிட்டுச் செய்ததாகவும், ஆடியின் அச்சில் துல்லியமாக நிற்பதாகவும், இருக்க வேண்டிய தூரத்தில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். மலிவுக் கருவியில் அது ஃபோகஸ் குமிழைத் திருகத் திருக முன்னும் பின்னும் நகர்கிறது. அச்சை நேர்ப்படுத்தலாம் என்றாலோ, லேசர் வைத்துப் பார்த்தால் இந்த வில்லையே கதிரைத் திருப்பிக் குழப்புகிறது. அதைக் கழற்றாமல் ஒழுங்காக நேர்ப்படுத்த முடியாது. பரிசு வாங்கிய பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இதை எதிர்பார்க்கிறார்கள்.

சிறிய 100 மி.மீ.யில் இந்த மறைப்பு வேலை இல்லை. பரவளையமாகத் தேய்த்த ஆடி, குறுக்கே ஒரு சிறு சமதள ஆடி, ஐபீஸ். ஆடியின் வளைவை விட்டால், நியூட்டன் 1668-இல் செய்த அமைப்புதான். ஒன்றே ஒன்றைக் கவனித்து வாங்க வேண்டும். ஆடி பரவளையம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறதா? மேசைத் தொலைநோக்கிகளிலேயே 76 மி.மீ. கோள ஆடியும் 300 மி.மீ. குவியத்தொலைவுமாகச் சில வருகின்றன. அவை பார்க்க அழகு. ஆனால் ஐம்பது மடங்கைத் தாண்டினால் அவற்றிலும் அதே மசமசப்புதான்.

ஆனால் என் கணிப்பில், பழைய கருவியைக் கொன்றது ஆடி இல்லை, ஸ்டாண்டு. இதற்கு ஒரு கணக்கு போதும். அரை மீட்டர் குழாயின் ஒரு முனை 0.1 மி.மீ. நகர்ந்தால், குழாய் 41 வில்நொடி திரும்புகிறது. வானத்தில் வியாழனின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு முடியின் கனத்துக்குக் குழாய் அசைந்தால் வியாழன் தன் முழு உடலளவுக்குத் தாவிவிடும். இப்போது அந்த மெல்லிய அலுமினியக் கால்களை நினைத்துப் பாருங்கள். ஃபோகஸ் குமிழில் விரல் பட்டதும் வியாழன் மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக் கோடாக இழுபடும். நான்கைந்து விநாடி கழித்து அடங்கும். அடங்கிய பிறகுதான் ஃபோகஸ் தாண்டிப் போய்விட்டது தெரியும். திரும்பக் குமிழைத் தொட வேண்டும். குழாயை லேசாகத் தட்டி, பிம்பம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்தத் தொலைநோக்கியை வாங்குமுன்னும் செய்ய வேண்டிய சோதனை இது. இரண்டு விநாடிக்குள் நின்றால் நல்லது.

நம் ஊர்ப்பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் கருவிகளோடு வருவது பூமியச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தும் வகை ஸ்டாண்டு. அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்றால், அந்த ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை பாகை. லண்டனில் 51. சென்னையில் 13, மதுரையில் 10, யாழ்ப்பாணத்தில் பத்துக்கும் குறைவு. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும் அதை மறைக்க. அச்சை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர்எடைக் கம்பி ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கவும் செய்யும். இது வடக்கத்திய வானத்துக்காக யோசித்த பொருள்.

இதற்கு மாற்று தந்தவர் காவி உடுத்தாத ஒரு துறவி. ஜான் டாப்சன் 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். வேதியியல் படித்துவிட்டு 1944-இல் சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்தச் சங்க மடத்தில் சேர்ந்தார். கையில் காசு கிடையாது. பழைய கப்பல் சன்னலின் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயில் அதைப் பொருத்தி, மரப்பெட்டியில் உட்கார வைத்தார். இரவில் மடத்தைவிட்டு வெளியேறி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலவைக் காட்டுவார். மடத்தில் இதற்கு வரவேற்பு இல்லை. நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தொலைநோக்கி என்பதற்குப் பதில் ‘ஜெரேனியம் செடி’ என்று மறைபெயர் வைத்து எழுதினார்களாம். ஆடிக்கு அலுமினியப் பூச்சு ஏறிவிட்டால் ‘செடி பூத்துவிட்டது’. 1967-இல் மடம் அவரை வெளியே அனுப்பியது. அடுத்த ஆண்டே நண்பர்களோடு நடைபாதை வானியல் குழுவைத் தொடங்கினார். 98 வயது வரை வாழ்ந்தார். தன் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கவே இல்லை.

டாப்சோனியன் அடித்தளத்தில் பற்சக்கரம் இல்லை, எதிர்எடை இல்லை. கிடையாகச் சுழலும் ஒரு பலகை, மேலும் கீழும் சாயும் ஒரு பிடிப்பு. வழுக்கும் டெஃப்லான் துண்டுகளின் உராய்வே குழாயை நிறுத்திப் பிடிக்கிறது. தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். டாப்சனின் நோக்கம் பிரம்மாண்ட ஆடிகளை மலிவாக நிறுத்துவது. அவர் அமைப்பு கடைசியில் மேசைமேல் வைக்கும் 100 மி.மீ. குழாய்க்கும் வந்து சேர்ந்ததைப் பார்த்திருந்தால் அவர் முகம் சுளித்திருக்கவும் கூடும்!

புதிய குழாயில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 16 மடங்கு. கேட்க ஒன்றுமில்லாத எண். ஆனால் அது காட்டும் வானத்துண்டின் அகலம் மூன்று பாகை, ஆறு நிலவுகளை வரிசையாக வைக்கலாம். எதையும் தேடிப் பிடிக்கச் சிரமமில்லை. பிடித்தது பன்னிரண்டு நிமிடம் உள்ளேயே இருக்கும், வீட்டில் எல்லோரும் பார்த்து முடிக்கலாம். கார்த்திகைக் கூட்டம் இரண்டு பாகை அகலம். பழைய குழாயில் 20 மி.மீ. ஐபீஸ் போட்டால்கூட அதன் பாதிதான் உள்ளே வரும். இங்கே முழுக் கார்த்திகையும் சுற்றிக் கொஞ்சம் இருட்டோடு வந்து நிற்கும். 10 மி.மீ.யில் 40 மடங்கு. வெறும் கண்ணுக்கு நிலவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக வியாழன் தெரிய இந்த 40 போதும். இரண்டு பழுப்புப் பட்டைகள், பக்கத்தில் நான்கு துணைக்கோள்கள். 1655-இல் ஹைகன்ஸ் சனியின் டைட்டனைக் கண்டுபிடித்தது 57 மி.மீ. வில்லையும் ஐம்பதுக்கு ஒட்டிய மடங்கும் கொண்ட கருவியில். இரண்டு மடங்கு பார்லோ ஒன்று நல்லதாக வாங்கிக்கொண்டால் 80 மடங்கில் சனியின் வளையம் உடலைவிட்டு விலகி நிற்கும். 2025-இல் வளையம் விளிம்பாகத் திரும்பி ஏறக்குறைய மறைந்தே போனது. இனிச் சில ஆண்டுகளுக்கு அது விரிந்துகொண்டே வரும்.

பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு எதையும் எடுத்துவர வேண்டாம். முக்கியமாக, ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரிய வடிகட்டி ஒன்று இருந்தால் அதை உடைத்தே போட்டுவிடுங்கள். குவிந்த சூரிய வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முன்வாயை முழுதும் மூடும் வடிகட்டிதான் வேண்டும்.

சிறியதற்கும் குறைகள் உண்டு. குட்டைக் குவியத்தொலைவு என்பதால் ஆடிகளின் அச்சு சற்றுப் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்; அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும், ஆனால் இதில் அது செய்யக்கூடிய வேலை. ஆந்திரோமீடா மண்டலம் நீள்வட்ட மங்கல்தான், நிறமெல்லாம் கிடையாது. மேசைக் கருவி என்பதால் கீழே உறுதியாக ஏதாவது வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தால் ஸ்டாண்டில் பட்ட பாடு திரும்ப வரும். மாடியின் சிமென்டுத் திட்டு நல்லது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் முன்னிரவில் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும், கோள்கள் தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளியும். பத்து மணிக்கு மேலோ விடியற்காலையிலோ பார்ப்பது மேல். கடற்கரை ஊரென்றால் குழாயை மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆடிப் பூச்சுக்கு உப்புக்காற்று ஆகாது.

துருவ நட்சத்திரம் தாழ்ந்து போனதற்கு ஈடாக நமக்குத் தெற்கு வானம் கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய வழிகாட்டி நூல்களில் பெரும்பாலும் இல்லாத ஒமேகா சென்டாரி, ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோளக் கொத்து, சென்னையில் தெற்கே 29 பாகை உயரம் வரை ஏறுகிறது. லண்டனில் அது உதிப்பதே இல்லை. ஜான் ஹெர்ஷல் அதைப் பார்க்க, அதே இருபதடி வகைத் தொலைநோக்கியைக் கப்பலேற்றி 1834-இல் நன்னம்பிக்கை முனைக்குப் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் இரவு பதினொரு மணிக்கு மேல், தெற்கே தெருவிளக்கு இல்லாத மாடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 16 மடங்கில் தேடுங்கள். உருண்டையான புகைத்திட்டு ஒன்று சிக்கும். பிறகு 80-க்கு மாற்றி, நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பாருங்கள். அந்தப் புகையின் ஓரங்கள் மணல் மணலாக உதிரத் தொடங்கும்.